ஆஞ்சப்பன் பேரில் ஒரு வண்டி

"எங்க வூட்ல ஒரு சைக்கிள்கூட இல்லீங்க மேடம். சந்தேகமா இருந்தா வந்து பாருங்க!"

சென்னம்மாள் போட்ட சத்தத்தில் பேரிகை ஊரில் நடந்த மனு முகாமே திரும்பிப் பார்த்தது. பெண்களுக்கு மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய் உதவித்தொகைக்கு அவள் கொடுத்த மனு இரண்டாம் முறையும் தள்ளுபடி. காரணம், வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் பேரில் வண்டி இருக்கிறதாம்.

அந்த ஆயிரத்தை நம்பித்தான் மகள் பிரவீனாவை ஓசூர் காலேஜில் சேர்த்திருந்தாள். காலேஜ் பஸ்ஸுக்கே மாதம் ஆயிரம் ஆகிறது. பணம் வராவிட்டால் பெண் படிப்பை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று சென்னம்மாள் பயந்தாள்.

பக்கத்தில் நின்ற ஆஞ்சப்பன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

வியர்க்காமல் என்ன செய்யும்? தங்கள் பேர் வெளியே தெரியாமல் வண்டி வாங்க நினைக்கும் பெரிய மனிதர்கள் பேருக்கு ஒரு ஆளைப் பிடிப்பார்கள். பேர் கொடுக்கும் ஆளுக்கு ஒரு பிரியாணியும் இரண்டாயிரம் ரூபாயும் கிடைக்கும். கம்பெனியில் லோடு ஏற்றும் ஆஞ்சப்பன், முதலாளி ஜெகதீஷுக்கு அப்படிப் பேர் கொடுத்த உத்தமன். இரண்டாயிரத்தையும் பெண்டாட்டி கண்ணில் காட்டாமலே கரைத்துவிட்டான்.

"இப்ப போனாளே தங்கமணி, அவ புருசன் ஆட்டோ வெச்சிருக்கான். அவளுக்கு மட்டும் எப்பிடிக் குடுத்தீங்க?" என்றாள் சென்னம்மாள், விடாமல்.

"ஆட்டோவுக்கு மூணு சக்கரம்மா. கார், ஜீப், டிராக்டர்னு நாலு சக்கர வண்டி இருந்தாத்தான் கிடையாது," என்றார் அதிகாரி ரஞ்சிதா. காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

சென்னம்மாள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, யாருக்காச்சும் பேரு குடுத்தியா?"

"மொதலாளி கேட்டாரு... சும்மா ஒரு கையெழுத்துதான்னாரு..."

"என்ன காருய்யா?"

ரஞ்சிதா மனுவோடு இணைத்திருந்த விசாரணைக் கடிதத்தைப் புரட்டினார். ஒரு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"காரு இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் ஏதோ ஒரு தீவுல இருக்கிற கம்பெனிக்கு டைரக்டர். அந்தக் கம்பெனி வெளிநாட்டு பேங்க்ல நாலு கோடி கடன் எடுத்து ஒரு விமானம் வாங்கியிருக்கு. அதையும் அந்தத் தீவுலயே பதிவு பண்ணியிருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஆஞ்சப்பனை எட்டிப் பார்த்தார்கள்.

"ஆஞ்சப்பனா? காலையிலதான் டீக்கு எங்கிட்ட பத்து ரூபா வாங்கினான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தீவா? நீ கிருஷ்ணகிரியைத் தாண்டினதே இல்லியேய்யா!" என்றாள் சென்னம்மாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று ஆஞ்சப்பனுக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இங்க பதிஞ்சா வரி சாஸ்தியாம் மேடம், அங்க வரியே இல்லியாம். பேங்குக்காரனும் கம்பெனி அந்தத் தீவுல இருந்தாத்தான் கடன் குடுப்பேன்னானாம். அதுக்கு ஒரு டைரக்டர் வேணும்னாங்க. பதினாலு எடத்துல கையெழுத்துப் போட்டேன், அவ்ளோதான் மேடம்."

"அந்த விமானத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தபா பாத்தேன் மேடம். சின்ன பிளேனுதான், நாலு பேரு உக்காரலாம். வண்டி யாரு பேருல இருக்குதோ அவுங்க கையாலதான் பூஜை போடணும்னு மொதலாளி கூட்டிட்டுப் போனாரு."

"விமானத்துக்குப் பூஜையா?"

"புது வண்டியாச்சே மேடம்! பூசணிக்கா ஒடச்சு, சூடம் காட்டி, எல்லாம் மொறையா செஞ்சோம்."

சென்னம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்திரமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பொண்ணு படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் பூசணிக்காய் உடைத்திருக்கிறானே பாவி என்று அவன் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினாள்.

அடிக்குப் பயந்து குனிந்த ஆஞ்சப்பன், குனிந்தபடியே மிச்சத்தையும் ஒப்பித்தான். "சக்கரத்துக்கு ஒண்ணா வெக்கலாம்னு நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போனேன் மேடம். ஒண்ணு மிஞ்சிப்போச்சு!"

ஓங்கிய கை பாதியில் நின்றது.

"மிஞ்சிப்போச்சா?"

"ஆமா."

சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தள்ளுபடி ஆன மனுவை மேஜை மேல் நீவிவிட்டு, அதிகாரியின் பேனாவையும் எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"அதுக்கும் மூணு சக்கரந்தான் மேடம், எம் பேர எழுதுங்க!"