போகாத மூச்சு

குறைமாதத்தில் பிறந்த மகள் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திண்டாடியபோது, அந்த மூச்சு ஏறி இறங்கிய தாளத்திலேயே பாடலாசிரியர் ஒரு பாட்டு எழுதினார். பிள்ளை தங்கவில்லை. பாட்டு பட்டிதொட்டியெங்கும் பரவியது.

பல வருடம் கழித்து அதை மறுபடி பதிவு செய்தார்கள். வரிகளுக்கிடையே பாடகி இழுத்த மூச்சுகளை ஒலிப்பதிவாளர் ஒவ்வொன்றாக நீக்கினார்.

"சார், ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குது."

"அது என் மூச்சே இல்லண்ணா," என்றாள் பாடகி.

அவள் குரலை அணைத்தார்கள். வாத்தியங்களையும் அணைத்தார்கள். ஒலிபெருக்கியில் சின்னஞ்சிறு மூச்சொன்று திணறாமல், நிதானமாக வந்துகொண்டிருந்தது. பாடலாசிரியர் மனைவிக்குப் போன் போட்டு வரச்சொன்னார், காரணம் சொல்லவில்லை.

வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடிவைத்து உள்ளே வந்தாள்.

"தூங்குறா," என்றாள் மெதுவாக. "யாரும் சத்தம் போடாதீங்க."