ஆயிரம் ரூபாய் நஷ்டம்

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

திரையில் பங்கின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதினொன்று.

நானூற்றுப் பத்தைத் தொட்டால் தானாகவே விற்றுவிட வேண்டும் என்று காலையிலேயே உத்தரவு போட்டு வைத்திருந்தான். ஸ்டாப் லாஸ். இன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

போடுவதில் என்ன சாமர்த்தியம்? யார் வேண்டுமானாலும் போடலாம். விலை கிட்டத்தில் வந்ததும் கை சும்மா இருக்க வேண்டுமே!

இன்னும் இரண்டு ரூபாய் கீழே நகர்த்தி வைப்போம், இதோ திரும்பிவிடும் என்று கை போகும். அப்புறம் இன்னும் இரண்டு ரூபாய். அப்படி நகர்த்தி நகர்த்தித்தான் பெருந்துறைப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனை போனது. கலாமணியின் வளையல்கள் போயின. கடைசியில் கலாமணியும் கோபியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிய பெண்டாட்டி, போகும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

எட்டு மாதம் ஆகிறது.

நானூற்றுப் பத்து.

விற்றுவிட்டது.

கை அசையவே இல்லை. அவனாலேயே நம்ப முடியவில்லை.

விற்ற இரண்டாம் நிமிடம் விலை சரசரவென்று ஏறியது. அடப்பாவி, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டான். திரும்ப வாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் சந்தோஷம் வந்தது. சாதாரண சந்தோஷமா அது! சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். கூடத்துக்கும் அறைக்கும் நாலு நடை நடந்தான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். லாபம் என்றால் கேட்க ஆள் இருக்கிறது. ஆயிரம் ரூபாயை விட்டேன், அதோடு நிறுத்திக்கொண்டேன் என்றால் எவன் கைகுலுக்குவான்?

கலாமணிக்குப் புரியும். அவளுக்கு மட்டும்தான் புரியும்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்திருப்பாள் போல.

"கலா! இன்னிக்கு ஆயிரம் ரூபா போச்சு. ஆயிரந்தான்! அதோட நிறுத்திட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் ஒரு விசில் விட்டது.

"ஏனுங்க, எட்டு மாசங் கழிச்சு இதச் சொல்றதுக்குத்தான் கூப்புட்டீங்களா?"

வைத்துவிட்டாள்.

நல்லா இருக்கியா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

சந்தை மூட இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது. கணினியை அணைத்தான்.

மறுபடி கூப்பிட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.