மேல் மாடத்து வளைவு

“யாரைக் கேட்டு இடிச்சான்னு அவங்கிட்ட கேளு, வைஷு.”

சந்தானம் கோபத்தில் சீறினார். புனேயின் கேம்ப் பகுதியில் இருக்கும் அந்த டவுன் ஹால் விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், தேக்குக் கூரை, மேல் மாடத்தின் நெற்றியில் சுண்ணாம்புச் சாந்தில் பூவும் கொடியுமாக ஒரு வளைவு. அதன் கீழே நின்று வாயைத் திறந்தால் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். காலையில்தான் மனைவி கோதையை அழைத்து வந்து அங்கே நிற்க வைத்து, ஒரு கீர்த்தனையைக் கேட்டுப் பூரித்துப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் வளைவு தரையில் குப்பையாகக் கிடக்கிறது.

பிற்காலத்தில் யாரோ கட்டிய சிமென்ட் தடுப்புகளை இடிக்கத்தான் கொத்தனார் கேஷவை வைத்திருந்தார்கள். அவனுக்கு மராத்தியைத் தவிர வேறு பாஷை தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஆர்க்கிடெக்ட் சந்தானத்துக்கு மராத்தி சுத்தமாக வராது. நடுவில் மாட்டிக்கொண்டது, அப்போதுதான் வேலைக்கு வந்த என்ஜினீயர் வைஷு. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“நீங்கதான் சொன்னீங்களாம், சார்.”

“நானா? இதைக் காப்பாத்தத்தானே என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க? வாய் கூசாம பொய் சொல்றான் பாரு. இப்பவே வெளிய போகச் சொல்லு.”

இனி இந்த ஊரில் எந்தப் பழைய கட்டடத்திலும் அவன் கை வைக்க முடியாதபடி செய்துவிடுவதாகவும் கத்தினார்.

கேஷவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டுப் பொரிந்து தள்ளினான். இடிக்க அவனுக்கு மனசே வரவில்லையாம். ஆனால் சார் மேடத்தை அங்கே நிற்க வைத்தே இடத்தைக் காட்டினாராம். கையை நீட்டி, ஒரு தடவைக்கு நாலு தடவையாகச் சொன்னாராம். சொன்னதைச் செய்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டான்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்த வைஷு சட்டென்று நிறுத்தினாள்.

“சார், காலைல ஆன்ட்டிகிட்ட என்ன சொன்னீங்க?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கூச்சப்பட்டுட்டு சும்மா நின்னா. பாடு, பாடுன்னு கத்தினேன்.”

வைஷு கீழே சிதறிக் கிடந்த சுண்ணாம்புப் பூக்களைப் பார்த்தாள்.

“‘பாடு’ன்னா மராத்தில இடிச்சுத் தள்ளலாம்னு அர்த்தம், சார்.”