டயர் டாக்டருக்கு வந்த சோதனை

"பஞ்சராறது பெரிய விஷயமில்லப்பா. சரியா உன் கடை வாசல்லயே ஆகியிருக்கே, அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றியபடியே அந்த மனிதர் இப்படிச் சொன்னதும், டயர் டாக்டர் தன் வழக்கமான வரவேற்புச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டயர் டாக்டர் என்பது அவர் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பட்டம். கடைப் பலகையில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே 'சேவையே எங்கள் மூச்சு' என்றும் சேர்த்திருந்தார். பஞ்சர் ஒட்டும்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்வார். வண்டி என்று சொல்ல மாட்டார், கேஸ் என்பார். "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க, இல்லேன்னா டியூப் பிழைச்சிருக்காது" என்று அவர் சொல்லும்போது வண்டிக்காரர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

கேஸ்கள் எப்படி வருகின்றன என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். தினமும் காலையில் டாக்டர் சாலையோரமாக நடை போவார். நடப்பது உடம்புக்கு நல்லது. கால்சட்டைப் பையில் ஓட்டையும் அதற்குள் ஆணியும் இருந்தால் தொழிலுக்கும் நல்லது.

வந்தவர் சாதாரண ஆளாகத் தெரியவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோளில் தோல் பை. நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. சாலைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து கடைப் பலகையைப் படம் எடுத்தார். பிறகு டாக்டரையும் எடுத்தார்.

காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற மனைவி, டாக்டரைக் கண்ணாலேயே கூப்பிட்டாள்.

"என்னங்க, டயர் பஞ்சரானா எவனா இருந்தாலும் முதல்ல ரோட்டைத் திட்டுவான், அப்புறம் நம்மளைத் திட்டுவான். இந்தாளு யாரையுமே திட்டலையே. இது சாதாரண கேஸ் இல்லைங்க."

டாக்டருக்கும் அதே சந்தேகம்தான். வாய் மட்டும், இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று என்று அவளுக்குத் தைரியம் சொன்னது. ஆள் யாராக இருக்கும்? மப்டி போலீஸா? பத்திரிகைக்காரனா? எவனாக இருந்தாலும் கடைக்குப் பூட்டுதான். கடை போனால் மச்சானுடைய மாவு மில்லில் மூட்டை தூக்க வேண்டும். தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த மச்சான் இதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறான். வெள்ளைக் கோட்டோடு மாவு மூட்டை தூக்கும் காட்சி கண்முன் வந்ததும், டாக்டரின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்தார். அந்த மனிதர் மூச்சுக்காற்று பிடரியில் படுகிற அளவுக்கு நெருங்கி நின்றார். டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியதும் குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின.

"ஓட்டை பெருசு. அதான் காத்து ஒரே மூச்சுல போயிருக்கு" என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்ன மனிதர், ஆணி எங்கே என்று கேட்டார்.

டயரிலேயே இருந்தது. டாக்டர் குறட்டால் பிடுங்கி அதைக் குப்பைக்கு அனுப்பப் போனார். மனிதர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாலையில் கம்பி, ஆணி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருப்பதாகவும், மூடாமல் ஓட்டுகிறார்கள் என்றும், பொறுப்பே கிடையாது என்றும் டாக்டர் சமூக அக்கறையோடு விளக்கினார்.

"அப்படியா? இது வளைச்ச ஆணிப்பா. எப்படிப் போட்டாலும் முனை மேலதான் நிக்கும். லாரியிலேருந்து விழற ஆணி இவ்வளவு யோசிச்சா விழும்?"

டாக்டர் ஒட்டுப் போட வைத்திருந்த பசையைத் தன் விரலிலேயே தடவிக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீயே சொல்லிட்டா உனக்கு நல்லது" என்றார் மனிதர், குரலை உயர்த்தாமல்.

அவ்வளவுதான். பட்டம், கோட்டு, சேவை எல்லாம் ஒரே நொடியில் காற்று இறங்கிப்போய், டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தினமும் போடுவதில்லை என்றார். தொழில் படுத்துவிட்டதால்தான் என்றார். இது இவள் கொடுத்த யோசனை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்; மனைவி முறைத்த முறைப்பில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்த மனிதரின் காலையே பிடித்தார்.

"சார், கடையை மட்டும் மூடிடாதீங்க சார். மச்சான்கிட்ட போய் என்னால நிக்க முடியாது சார்."

மனிதர் அக்கம்பக்கம் பார்த்தார். கடைக் கதவைப் பாதி இறக்கினார். முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுந்திருப்பா, நான் பஞ்சர் கடைச் சங்கத்தோட புதுத் தலைவர்" என்றவர், தோல் பையிலிருந்து ஒரு கனத்த பொட்டலத்தை எடுத்து டாக்டரின் கையில் வைத்தார். "உன் ஆணியில எல்லா வண்டியும் உன் வாசல்லயே நின்னுடுதுன்னு புகார் வந்திருக்கு, இனிமே சங்கத்து ஆணியை மட்டும் போடு, காத்து மெதுவா இறங்கும், அடுத்த கடைக்காரனும் பிழைக்கணும்ல?"