களிம்பு ஏறாத காசு

பழங்காசுக் கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நல்லாத் தேய்ஞ்சுபோன செப்புக்காசா ரெண்டு குடுங்க. இந்தத் தடவை பாலத்துக்கிட்ட புதைக்கப் போறேன். டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டும் நடக்காத மனுஷன், மெட்டல் டிடெக்டர் வாங்கிக் குடுத்ததும் கிளம்பிட்டார்."

"புதைக்கிறதுக்கு முன்னாடி பல்பொடி போட்டுத் தேய்க்காதீங்கம்மா. களிம்பு இருந்தாத்தான் நம்புவார்."

"எத்தனை பேர் கை பட்டதோ, அதை அப்படியே அவர் தொடுறதா?"

இரண்டு நாள் கழித்து அவர் கணவர் வந்தார். பளபளவென்று ஒரு காசை மேசையில் வைத்தார்.

"பாலத்துக்கிட்ட தோண்டினேன். என்ன பெறும்?"

தன் கடைக் காசைத் தானே மதிப்பிடும் கடைக்காரர், லென்ஸை வைத்துப் பார்த்தார்; எடை போட்டார்; சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடுபட்டார்.

"நூறு வருஷம் இருக்கும் சார். எழுத்தே தெரியலை. ஒரு டீக்குத் தேறும்."

"சரி. அடுத்த தடவை பாலத்தைத் தாண்டிப் புதைக்கச் சொல்லுங்க."

கடைக்காரர் கையிலிருந்த லென்ஸ் நழுவியது.

"டாக்டர் நடக்கச் சொன்னது எங்க ரெண்டு பேரையும். நான் கூப்பிட்டா அவ வாசப்படி தாண்ட மாட்டா."