பதினெட்டு நாள் தூரம்

“எடுத்துடு நர்ஸம்மா. இன்னிக்கே, இப்பவே எடுத்துடு. பெரிய பேஜாராப் போச்சு!”

பச்சையப்பன் வாசலிலேயே நின்று கத்தினான். பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவன். காற்றை எதிர்த்துக் கத்திப் பழகிய தொண்டை என்பதால், சுகாதார நிலையத்தின் ஒற்றை அறையே அதிர்ந்தது.

நர்ஸ் சாராள் ஊசி வெந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“எதைப்பா எடுக்கணும்? நிதானமா சொல்லு.”

“அதான், போன வருசம் குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்புல என் பொஞ்சாதிக்கு வெச்சி வுட்டியே, அந்த லூப்பு.”

அவனுக்குப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் செங்கம்மாள் நின்றிருந்தாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னால்தான் தெரியும்.

“அவளை ஏன் அங்கயே நிக்க வெச்சிருக்க?”

“தூரமா கீறா. நா அம்மனுக்குக் கரகம் எடுக்கிறவன் நர்ஸம்மா. அவ நெழலு என் மேல படக்கூடாது. வலையத் தாண்டினான்னா மீனு வுழாது. முன்னல்லாம் மாசத்துக்கு மூணு நாளு. இந்தக் கருமத்த வெச்சதுலேர்ந்து பதினெட்டு நாளு, இருவது நாளு! பொழுதன்னிக்கும் சவுக்குத் தோப்பாண்ட கொட்டாயில குந்திக்கினு கீறா. சோறு நான் வடிக்கிறேன். மீனைப் பொன்னேரி மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கினு போவ ஆளில்ல. புள்ளிங்க மூணும் சீரழியுதுங்க. ஆம்பள அடுப்பு ஊதறான்னு குப்பமே சிரிக்குது.”

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாராளுக்கு அவன்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

லூப் வைத்துக்கொண்ட பெண்கள் படும் பாடு அவளுக்குத் தெரியாததா? இடுப்பு கழன்று விழுவது போல வலி, நாள்கணக்கில் நிற்காத உதிரம். எத்தனையோ பேர் இந்த வாசலில் வந்து அழுதிருக்கிறார்கள். சுவரில் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும். நேரில் வருகிற எந்தப் பெண்ணும் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மேலதிகாரியான டாக்டரோ, “கொஞ்ச நாள்ல சரியாயிடும், எடுக்காதே” என்று ஒரே பிடியாக நின்றார். ஒருத்திக்கு எடுத்தால் ஊரே எடுக்கச் சொல்லி வந்துவிடும் என்று அவருக்குப் பயம். போன மாதம் மூன்று பேருக்கு எடுத்துவிட்டதற்காக, சாராளைக் கூட்டத்தில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொன்று எடுத்தால் மாற்றல்தான்.

வந்தால் வரட்டும். மாதத்தில் இருபது நாள் இரத்தம் போனால் ஒருத்தி எப்படி உயிரோடு இருப்பாள்? சாராள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள்.

“உள்ள வா செங்கம்மா. எடுத்துடலாம்.”

செங்கம்மாள் அசையவில்லை. “வாணாம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்.”

“பாத்தியா, பாத்தியா!” பச்சையப்பன் எகிறினான். “ஊட்ல சொன்னாலும் இதே பாட்டுதான். போடி உள்ள!”

அவள் தலையைக் குனிந்துகொண்டு, அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாராள் கதவைச் சாத்தினாள்.

“ஏம்மா, உனக்கு உசுரு மேல ஆசையில்லையா?”

“செத்தா சாவறேன். எடுக்க மட்டும் எடுக்காதம்மா. உன் கால்ல வேணா வுழறேன்.”

“இன்னொண்ணு பொறந்துடும்னு பயமா? அதுக்கு வேற வழி இருக்கு. நான் பார்த்துக்கறேன்.”

செங்கம்மாளின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“சரி, முதல்ல படு. பார்த்துட்டுச் சொல்றேன்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். சாராள் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள்.

பச்சையப்பன் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

“எடுத்தாச்சா? இன்னிக்கே ஊட்டுக்குள்ள சேத்துக்கலாமா?”

“எடுக்க முடியாதுப்பா. உள்ள நல்லாப் பதிஞ்சிருக்கு. இழுத்தா உசுருக்கே ஆபத்து.”

“அப்ப இந்த ரத்தம்?”

“இப்படித்தான் போகும். பதினெட்டு நாளோ, இருபது நாளோ, அவளை அந்தக் கொட்டாயிலயே விட்டுடு.”

பச்சையப்பன் தலையில் அடித்துக்கொண்டான். லூப்பைத் திட்டினான், சர்க்காரைத் திட்டினான், செங்கம்மாளைப் பெற்றவர்களைத் திட்டினான். “வந்து சேருடி!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படகு நின்ற கரையை நோக்கி நடந்தான்.

சாராள் உள்ளே வந்து மறுபடியும் கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த செங்கம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உனக்கு ரத்தமும் போகல, உள்ள லூப்பும் இல்ல. எப்ப விழுந்துச்சு செங்கம்மா?”

“ஆடியிலயே வுழுந்துடுச்சும்மா,” என்றாள் செங்கம்மாள். “தூரமா கீற அன்னிக்கு மட்டுந்தான் அந்தாளு என்னத் தொட்டு அடிக்கிறதில்ல.”