பூக்க விடாத ரோசா

மத்தியாஸ் மாமா இன்றைக்கும் ரோசா மொட்டைக் கிள்ளிவிட்டார்.

வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் வாசலில் நின்று, பெருவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. கிள்ளியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை மலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் மலையைத் தொடுவதற்குள் விசயம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு வந்துவிட்டது.

“க்கும்... அந்த மனுசன் கை வெளங்குமா?” பேச்சியம்மா பெரியம்மா குடத்தை இறக்காமலே ஆரம்பித்தார். பெரியம்மாவின் பேச்சு இருமலில் தொடங்கி வெற்றிலையில்தான் முடியும். “பொண்டாட்டி வச்ச செடி. அவ குவைத்துல எவன் வீட்டுச் சட்டியையோ கழுவிக்கிட்டுக் கெடக்கா. இவரு இங்க பூக்க விடாமக் கிள்ளுறாரு. த்தூ.”

நான் வரிசையின் கடைசியிலிருந்து அதே இருமலோடு, அதே ‘த்தூ’வோடு திருப்பிச் சொன்னேன். பீலிக்கரையே சிரித்தது.

“எவடி அது? லோஜினியா? ஒனக்கு வாயில கொள்ளி வைக்க.”

“வெத்தல வைங்க பெரியம்மா, போதும்.”

ஆனால் பெரியம்மா சொன்னதில் பொய் இல்லை. மாமா வாசலில் டேலியா தலை தலையாகப் பூத்துக் கிடக்கும். செவ்வந்திக்கு முட்டுக் குச்சி, கார்த்திகைப் பூவுக்குப் பந்தல். வட்டகொடைக்குப் போகிற ஆட்டோக்காரர்கள்கூட எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். எல்லாம் மாமா கைபட்டு வளர்ந்தவை. அந்த ஒரு ரோசாவுக்கு மட்டும் பூக்க அனுமதி இல்லை.

வெளிநாடு போகிற அன்று றோசலின் அத்தை நட்டது அது. துரை பங்களாவில் வெட்டிப் போட்ட கொப்பு. என்ன நிறமென்று நட்டவருக்கே தெரியாது. ரெண்டு வருசம் என்றுதான் போனார். பாஸ்போர்ட் குவைத் வீட்டுக்காரன் கையில்; திரும்பி வர வழியில்லை. போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் மெரினா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

“அக்கா, அம்மா பூ என்ன கலரு?” அவளுக்கு என்னிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாது.

“செவப்பா இருக்கும்.”

“மஞ்சளா இருந்தா?”

“ஒங்கப்பா விட்டாத்தான தெரியும்.”

பள்ளிக்கூடத்தில் வீட்டுப் படம் வரையச் சொன்னபோதும் எல்லாவற்றுக்கும் நிறம் அடித்தாள். ரோசாவை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டாள். ஏன் என்றால், “பாக்காம எப்படிக்கா அடிக்கிறது?”

மாமா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை அத்தை போனில் வந்தால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வருவார்.

“என்னங்க, செடியக் காட்டுங்க. பூத்துச்சாங்க?”

“இன்னும் இல்ல. இப்பத்தான் தளிரு வுடுது.”

காலையில் மொட்டைக் கிள்ளிய அதே கையில் போனைப் பிடித்துக்கொண்டு சொல்வார்.

“கவ்வாத்துக்காரன் புத்தி,” என்பார் அம்மா. “தேயிலையப் பூக்க விட்டா கங்காணி ஏசுவாரு. ரோசாவுக்கு யாரு ஏசப் போறா?”

இந்த வாரம் ஒரு மொட்டு மாமா கண்ணில் படாமல் இலைக்கு அடியில் ஒளிந்து வளர்ந்திருந்தது. மெரினாதான் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லாமல் என் காதில் மட்டும் சொன்னாள். நுனி வெடித்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் நிறம் தெரிந்துவிடும்.

இன்றைக்குச் சாயங்காலம் மாமா வாளியோடு தண்ணீர் ஊற்ற வந்தார். அடுத்த நிமிடம் மெரினா எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

“அக்கா, அப்பா பாத்துட்டாரு. கிள்ளப் போறாருக்கா. ஏதாச்சும் செய்ங்க.”

மாமா இந்த உலகத்தில் ஒரே ஒருவர் பேச்சைத்தான் கேட்பார். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும். சொல்லின் முடிவில் ஒரு இழுவை, நடுவில் ஒரு சின்ன மூச்சு. வாசலுக்குக் கேட்கும்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

“என்னங்க... அந்த மொட்ட ஏங்க கிள்ளுறீங்க? வுடுங்களேன். பூத்துட்டுப் போகட்டும்.”

வாளியின் சத்தம் நின்றது. எதிரே துணி எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமாவின் விரல் மொட்டின் மேலேயே இருந்தது. திரும்பினால் யாரென்று தெரிந்துவிடும். அவர் திரும்பவே இல்லை.

“இன்னுங் கொஞ்சம் பேசு,” என்றார்.

நான் ஜன்னலுக்குக் கீழே இன்னும் குனிந்துகொண்டேன். பெரியம்மா முந்தானையை இறக்கிவிட்டார்.

மாமா செடிக்குப் பக்கத்தில் மெதுவாகக் குந்தினார்.

“இது பூக்கிறதுக்குள்ள வந்துருவேன்னு நீதானடி சொல்லிட்டுப் போன?” என்றார். “பூக்க விட்டு, ஒன்னப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?”